படிக்கிணற்று மீனும் டாக்டர் சபாபதியும்

போன மாதம் சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். புதுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில், இந்தப் பக்கத்தில் ஆராய்ச்சி செய்த டாக்டர்களின் படங்களை மாட்டப் போகிறார்களாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இரண்டு வரி எழுத வேண்டும். மற்ற டாக்டர்களுக்கெல்லாம் எழுதியாகிவிட்டது. இன்னார் இன்ன கிருமியைப் பற்றி எழுதினார், இன்னார் இன்ன ஊசியைக் கொண்டுவந்தார் என்று சுலபமாக முடிந்துவிட்டது. டாக்டர் சபாபதியின் படம் மட்டும் வரி இல்லாமல் கிடக்கிறது.

"நீங்கதான் அவருகூடவே இருந்தீங்களாமே. அவரு என்னத்தக் கண்டுபிடிச்சாருங்க?" என்று கேட்டார்கள்.

நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். யோசித்தேன். "தெரியலையே" என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மறதி எல்லாம் இல்லை. அன்று குழம்பியவன் இன்னும் தெளியவில்லை, அவ்வளவுதான். அந்த வியாதி எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர் இல்லை. அவருக்கு முன்னாலேயே வேறு யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கிணற்றில் மீன் விடலாம் என்பதும் அவர் முதலில் சொன்னதல்ல. அவர் வியாதியை ஒழித்தார் என்று எழுதலாம் என்றால், நிரூபிக்கப்படவில்லை என்று பெரிய அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒழிக்கவில்லை என்று எழுதினால் என் கண்ணே என்னை நம்பாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன், அதிலிருந்து உங்களுக்கு வேண்டிய இரண்டு வரியை உருவிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊர் பாலக்கோட்டுப் பக்கம். பள்ளி இறுதி வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டேன். மாமா ஒருவர் சிபாரிசில் சேலத்தில் சுகாதார இலாகாவின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குப் போனேன். அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. கழுவிக் கழுவி, ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நீளமாக, கறுப்பாக, வளைந்து ஒன்று தெரிந்தது. பயங்கரமான கிருமி என்று கத்திவிட்டேன். அது என் கண்ணிமை மயிர். அதிலிருந்து கூடத்தில் எனக்கு நல்ல பெயர்தான். எப்படியோ வேலை பழகினேன். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், டாக்டர் சபாபதிக்கு உதவியாளாக என்னைத் தர்மபுரிக்கு அனுப்பினார்கள்.

வேலை நரம்புச் சிலந்தி ஆராய்ச்சி. இன்றைக்கு இருப்பவர்களுக்கு அந்த வியாதியைச் சொன்னால்தான் தெரியும். கோடை பிறந்தால் காலில் ஒரு கொப்புளம் வரும். கொப்புளம் உடைந்தால் உள்ளிருந்து வெள்ளையாக, நூல் மாதிரி, ஒரு புழு தலையை நீட்டும். முழ நீளத்துக்கு மேல் இருக்கும். இழுத்தால் அறுந்துபோகும்; அறுந்தால் கால் வீங்கிப் பழுத்துவிடும். எரிச்சல் தாங்காமல் ஆள் போய்க் கிணற்றுத் தண்ணீரில் காலை வைப்பான். தண்ணீர் பட்டதும் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டும். கிணற்றில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் பூச்சி துள்ளிக்கொண்டிருக்கும். அது அந்தக் குஞ்சை விழுங்கும். அந்தப் பூச்சியைத் தண்ணீரோடு மனிதன் விழுங்குவான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து அவன் காலில் புதுப் புழு தலையை நீட்டும். இறங்கிப் போய் மொள்ளும் படிக்கிணறு இருக்கிற ஊரில் இந்தச் சுற்று நிற்கவே நிற்காது.

டாக்டர் சபாபதி நெடிய மனிதர். குரல் மெதுவாக வரும். அவரிடம் வேலை செய்வது மகா தொல்லை. எதற்கும் ஆமாம் என்று சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். "இருக்கலாம்" என்பார். "சார், மழை வரும்போல இருக்கு" என்றால், "எத வச்சுச் சொல்ற?" என்று கேட்பார். மேகத்தைக் காட்டினால், "இதே மாதிரி மேகம் வந்து பெய்யாம போன நாள் உண்டா இல்லையா?" என்பார். அதற்குள் மழை பெய்து இருவரும் நனைந்திருப்போம். ஒரே எண்ணிக்கையை இரண்டு தடவை செய்யச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகப்பட்டு மூன்றாம் தடவை செய்யச் சொல்வார். ஆனால் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் பட்டம் பதவி வாங்கி மேலே போய்விட்டார்கள். இவர் மட்டும் 'இருக்கலாம்' என்று சொல்லிக்கொண்டு படிக்கிணறு படிக்கிணறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போன ஊர்களில் மோசமானது மாவடிப்பட்டி. கம்பைநல்லூர்ச் சந்தைக்குப் போகிற வண்டித்தடத்தில் இருந்தது. கோடை வந்தால் வீட்டுக்கு ஒருவராவது காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். டாக்டர் வீடு வீடாகப் போனார். ஊருக்குத் தள்ளி இருந்த கீழ்த்தெருவுக்கும் போனார். ஊர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள், அவர் கவனிக்கவில்லை. அங்கே ஒருவர் காலிலும் புழு இல்லை.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று அங்கே தமுக்கடிக்கிற முத்தனைக் கேட்டார்.

"ஆத்துல ஊத்துத் தோண்டி மொண்டுக்குவமுங்க. கெணத்துப் படியில எங்கள மிதிக்க வுட மாட்டாங்க சாமி."

டாக்டர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். ஊர்க்கவுண்டரிடம் வந்து, கிணறுதான் காரணமாக இருக்கலாம், கீழ்த்தெருவில் வியாதியே இல்லை என்றார். "அவங்க ஒடம்பு வாகு வேறங்க" என்று கவுண்டர் முடித்துவிட்டார். படியை இடித்துவிட்டு மேலே கைப்பிடிச் சுவர் எழுப்பி ராட்டினம் போடலாம் என்றார் டாக்டர். பெண்டுகள் கயிறு இழுத்துச் சாவார்களா, நடக்காது என்றார்கள். மருந்துத் தூள் போட்டால் தண்ணீர் நாறுகிறது என்றார்கள். கடைசியில், மீன் விடட்டுமா என்று கேட்டார். கெண்டைப் பொடி மீன் அந்த வெள்ளைப் பூச்சியைத் தின்னும் என்றார். ஊரில் கூடிப் பேசி, அது மட்டும் போகட்டும் என்று விட்டார்கள். சுற்று வட்டாரத்தில் வேறு எந்த ஊரும் அதற்குக்கூடச் சம்மதிக்கவில்லை. ஆகவே டாக்டரின் ஆராய்ச்சி முழுதும் அந்த ஒரு கிணற்றில்தான் இருந்தது.

அந்த ஊரில் மாதையன் என்றொரு குடியானவர். கேழ்வரகும் கடலையும் வைக்கிற கொஞ்சம் நிலம். மழை விழுந்து ஏர் பூட்டுகிற நேரத்தில் அவருக்குக் கணுக்காலுக்கு மேலே புழு தலை நீட்டியது. யாரோ கைராசிக்காரர் இழுத்துப் பார்க்கிறேன் என்று வந்திருந்தார். நாங்கள் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் அவரைத் திண்ணைக்குக் கீழே வாசலில் உட்காரவைத்து, காலை ஒரு மணையில் வைக்கச் சொன்னார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புண்ணில் விடச் சொன்னார். புழு கொஞ்சம் வெளியே வந்தது. மூங்கில் சிம்பு ஒன்றைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, புழுவின் தலையை அதில் ஒரு சுற்றுச் சுற்றினார். இழுக்கவில்லை, சுற்றினார். கொஞ்சம் இறுகினதும் நிறுத்தினார். சிம்பைக் காலோடு சேர்த்துத் துணியால் கட்டினார். நாளைக்கு இன்னும் ஒரு சுற்று. அவ்வளவுதான் வைத்தியம். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

மாதையனின் மனைவி முனியம்மாதான் பிறகு தினமும் சுற்றினார். டாக்டர் பக்கத்தில் நின்று, "போதும், போதும், நிறுத்தும்மா" என்பார். மாதையனுக்கு எரிச்சல் தலைக்கேறும். "ஊரே ஏர் ஓட்டுது, நான் நூலு சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்கறேன். ஒரேயடியா அறுத்துப் போடுங்க சாமி, காலு போனாலும் போவட்டும்" என்று ஒரு நாள் கத்தினார். டாக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விதைப்புப் போனதுதான். ஆனால் புழு அறுபடாமல் முழுதும் வந்தது. கால் தப்பியது. முனியம்மா அந்தச் சிம்பை அடுப்பில் போட்டுவிட்டு அழுதார்.

மீன் கொண்டுவந்த கதை தனிக் கூத்து. ஒகேனக்கல்லில் பரிசல்காரர்களைப் பிடித்து, பொடி மீனாகச் சேர்த்து, பானைகளில் விட்டு, பென்னாகரம் வரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தோம். அங்கிருந்து பஸ். வழி நெடுக நான் பானைக்குள் கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் மீன் மூச்சு முட்டிச் சாகும். பஸ்ஸில் ஒரு அம்மாள், "என்ன கொழம்புக்குங்க இத்தன மீனு?" என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு என்றேன். "அதெப்படிங்க வெக்கிறது?" என்று கேட்டார். பாதி மீன் செத்துப்போனது. மீதியை டாக்டர் தம் கையாலேயே கிணற்றில் விட்டார்.

அந்தக் கிணற்றை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்போம். மஸ்லின் துணியில் தைத்த கூம்பு வலை, அடியில் ஒரு கண்ணாடிக் குழாய். நாலு மூலையிலும் நடுவிலும் வலையை இறக்கி இழுக்க வேண்டும். குழாயில் சேர்ந்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, வெயில் படாமல் சாய்த்துப் பிடித்தால், வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளும். அவைதான் அந்தப் பூச்சிகள். மீன் விட்ட பிறகு மாதத்துக்கு மாதம் துள்ளல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் தட்டில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

ஆனால் அடுத்த கோடையில் ஊரில் மறுபடியும் கால்களில் புழு. மாதையனைத் தவிர மற்றவர்களெல்லாம் எங்கள் மேல் பாய்ந்தார்கள். மீன் விட்டதால்தான் அதிகமாகிவிட்டது என்று ஒருவர் சத்தியம் செய்தார். இது போன வருஷம் குடித்த தண்ணீரின் புழு, இனி குடிப்பதில் வராது என்று டாக்டர் விளக்கினார். எனக்கே சரியாக விளங்கவில்லை, அவர்களுக்கு எங்கே விளங்கும்? "அடுத்த வருசம் வரலீன்னா நம்பறமுங்க" என்றார் கவுண்டர்.

அடுத்த வருஷம் வரவில்லை. ஒரு காலில்கூட வரவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது, மாவடிப்பட்டியில் எல்லாரும் நின்று நடந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு கோடையைப் பெரியவர்கள்கூடப் பார்த்ததில்லை. டாக்டர் சென்னைக்கு எழுதினார். பெரிய அதிகாரிகள் ஒரு குழுவாக வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. குழு சரி என்று சொல்லிவிட்டால் மாகாணம் முழுதும் படிக்கிணறுகளில் மீன் விடுவார்கள். சென்னையில் டாக்டர்கள் கூடும் சபையில் அவரை மேடைக்கு அழைத்துப் பதக்கம் தருவார்கள். அறிக்கையில் அவர் பெயர் வரும். டாக்டர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் தர்மபுரியில் ஒரு தையல்காரரிடம் புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்தார். அவருக்கும் ஆசை இருந்தது. இருந்தால் என்ன தப்பு? எனக்கு அவரைவிட ஆசை.

சண்டைக் காலம், குழு வருவது தள்ளிக்கொண்டே போனது. தை கழித்து வருவதாக ஏற்பாடாயிற்று. அதற்குள் ஐப்பசியில் தட்டைப் பார்த்தபோது இரண்டு மூன்று புள்ளிகள் துள்ளின. கார்த்திகையில் இன்னும் அதிகம். மார்கழியில் எண்ணவே முடியவில்லை.

எங்களுக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான். மீன் செத்துவிட்டதா என்று பார்த்தால், நன்றாகக் கொழுத்து, கை அகலத்துக்கு வளர்ந்து திரிகிறது. மீன் கொழுத்திருக்கிறது என்றால் எதையோ வயிறாரத் தின்கிறது. பூச்சியைத் தின்கிறது என்றால் பூச்சி எப்படிப் பெருகும்? வலையில் பழைய பூச்சி ஒட்டியிருக்கும் என்று நான் வலையைக் கொதிநீரில் போட்டேன். புது வலையே தைத்தோம். கல் இடுக்கில் வளர்கிறதா என்று டாக்டர் படியில் குப்புறப் படுத்துப் பார்த்தார். பாசியைத் தின்கிறதோ என்றார். சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டு யோசிப்பார். ஊரில் யாருக்கும் வியாதி இல்லையே, பூச்சி இருந்தால் என்ன சார் என்றேன். "இன்னைக்கு இல்ல. சந்தைக்குப் போற வண்டிக்காரன் எவனாவது புழுவோட வந்து படியில காலு வச்சா? பூச்சி காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வயதானவர், நல்ல தமிழ் பேசினார். ஊர் எல்லையிலேயே மேளம். மாலை. எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஊர்க்காரர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் வலையை இறக்கினேன். தட்டைச் சாய்த்துப் பிடித்தேன். துள்ளியது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். டாக்டர் வலையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

அந்த நேரத்தில் மாதையன் தலைப்பாகையோடு படியில் இறங்கினார். கையில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் பொரியும் வெல்லமும் தேங்காய்த் துண்டும். முனியம்மா பின்னால் கற்பூரத்தோடு வந்தார்.

"தொரைங்க கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு மாதையன் தண்ணீரைக் கையால் தட்டினார். மீனெல்லாம் ஓடிவந்தது. ஒரு பிடி பொரி போட்டார். தண்ணீரே கொதிக்கிற மாதிரி மீன்கள் புரண்டன. ஊர் முழுதும் கைதட்டியது.

"இது சபாபதி மீனுங்க" என்றார் மாதையன் குழுத் தலைவரிடம். "எங்க டாக்கட்டரு பேருல வுட்ட மீனு. ஆடியிலதான் நான் வேண்டிக்கிட்டனுங்க. காலுல புழு வராம காப்பாத்துனதுக்குத் தெனமும் பொரி போடறேன்னு. அப்பறம் ஊரே சேந்துக்கிச்சு. வூட்டுக்கு ஒரு நாளு மொறை. வெளக்கு வெக்கிற நேரத்துல போட்டுருவமுங்க. ஒரு நாளு தப்பினதில்ல. பட்டினி போட்டதே இல்லீங்க."

நாங்கள் எப்போதும் காலையில் வந்து காலையிலேயே போய்விடுவோம்.

டாக்டர் முகத்தை நான் பார்த்தேன். நாலு மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, நான் சத்தியமாகப் பார்த்தேன். அடுத்த நொடி முகம் வெளுத்துப்போனது.

"டாக்டர், உங்க மீன் சைவமாயிடுச்சு போல இருக்கே" என்றார் தலைவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். ஊர்க்காரர்களும், பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது டாக்டர் விளக்கிச் சொன்னார். பொரி போடுவதற்கு முன்னால் பூச்சி இல்லை, போட்ட பிறகுதான் வந்தது, ஆகவே மீன் வேலை செய்தது உண்மை என்றார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மனுஷங்க இருக்கிற ஊர்லதானே உங்க கிணறு இருக்கு? மனுஷங்க செய்யறதத் தாங்காத முறைய நான் எப்படி மாகாணம் முழுக்கச் செய்யச் சொல்றது?" திட்டவட்டமாக நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பதக்கமும் போயிற்று, மேடையும் போயிற்று.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கிழவரைத் திட்டினேன், மாதையனைத் திட்டினேன், மீனைக்கூடத் திட்டினேன். டாக்டர், "அவர் சொன்னது சரிதான்" என்றார். இன்றுவரை எனக்கு அது புரியவில்லை. அவர் சொன்னது சரி என்றால் இவர் செய்தது தப்பா? இவர் செய்ததும் சரிதானே? இரண்டு பேரும் சரி என்றால், ஒரு மனிதருக்குச் சேர வேண்டிய பெயர் எந்த ஓட்டை வழியாகப் போனது? படத்துக்குக் கீழே வரி எழுத வந்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

மறுநாளே டாக்டர் மாவடிப்பட்டிக்குப் புறப்பட்டார். நான் போக வேண்டாம் என்றேன். கோடை வரப் போகிறது, சந்தை வண்டிகள் வரும் என்றார் அவர். ஊரைக் கூட்டி, இனிமேல் மீனுக்கு ஒரு பொரிகூடப் போடக் கூடாது, அவை பசியோடு இருந்தால்தான் பூச்சியைத் தின்னும் என்றார்.

மாதையன் கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்க பேருல இருக்கற உசுருங்கள எங்க கையாலேயே பட்டினி போடச் சொல்றீங்களே சாமி. அது எங்களுக்கு அடுக்குமா?" என்றார்.

"பேரு வச்சு நேந்துக்கிட்டதுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "சும்மா கெடக்குற மீனுன்னா வுட்டுடலாம். ஒருத்தரு பேருல வுட்டதப் பட்டினி போட்டா ஊருக்கு ஆவாதுங்க."

"அப்ப பேர எடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

"எப்பிடிங்க எடுக்கறது?"

"வச்சது ஊர்தானே? ஊரே எடுக்கட்டும். இந்த மீனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லிடுங்க. என் பேரை அந்தக் கிணத்துப் பக்கம் யாரும் சொல்லக் கூடாது."

கவுண்டர் பெரியவர்களோடு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். தமுக்கடித்துச் சொல்லிவிட்டால் நேர்த்திக்கடன் விட்டுப்போகும், மீறினால் ஊர் அபராதம் என்று முடிவாயிற்று. கீழ்த்தெரு முத்தனுக்கு ஆள் போனது. முத்தன் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பேரச் சொல்லக் கூடாதுன்னு சொல்றதுக்கே பேரச் சொல்லணுமேங்க?"

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். "இன்னைக்கு ஒரு நாள் சொல்லு" என்றார் டாக்டர்.

முத்தன் தெருத் தெருவாகப் போனார். "இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கிறது என்னான்னா, படிக்கெணத்து மீனு இனிமே டாக்கட்டரு சபாபதி மீனு இல்ல! வெறும் மீனு! அவரு பேருல யாரும் பொரி போடக் கூடாது! கெணத்தாண்ட அவரு பேரச் சொல்லக் கூடாது! மீறினா ஊர் அபராதம்!" டம டம என்று தமுக்குச் சத்தம். டாக்டர் புளியமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்தத் தெருவும் விட்டுப்போகக் கூடாது என்று என்னைக் கூடவே போகச் சொன்னார். போனேன். ஒவ்வொரு மூலையிலும் முத்தன் அதையே கத்தினார். சென்னையில் ஒரு மேடையில் கேட்க வேண்டிய பெயர்.

வைகாசியில் டாக்டருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எங்கோ கடலோர ஜில்லாவுக்கு. போவதற்கு முன்னால் ஒரு தடவை கிணற்றைப் பார்த்துவிடலாம் என்றார். நாங்கள் போனபோது முனியம்மா படியில் குடத்தோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் மேலே திரும்பி, "ஏனுங்க, அவரு வந்திருக்காருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவர் என்றுதான் சொல்வார்கள். சாமியின் பெயரைச் சில நேரம் அப்படித்தான் சொல்லாமல் விடுவார்கள்.

மாதையன் வந்து கும்பிட்டு நின்றார். தமுக்கடித்த நாளிலிருந்து அவருக்கு மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

"கால் எப்படி இருக்கு மாதையா?"

"நல்லா இருக்குதுங்க. ஊருல ஒருத்தருக்கும் வரலீங்க." கொஞ்சம் தயங்கினார். "சந்தைக்குப் போற வண்டிக்காரன் ஒருத்தன் புழுவோட வந்து எறங்கிட்டானுங்க. போன மாசம். தொரத்தறதுக்குள்ள காலு வச்சிட்டான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வலையை இறக்கினேன். நாலு மூலையிலும் இழுத்தேன், நடுவிலும் இழுத்தேன். தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பிடித்தேன். டாக்டர் குனிந்து பார்த்தார். மறுபடி இழுக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார். ஒன்றும் துள்ளவில்லை.

அவர் தட்டை வாங்கி மாதையனிடம் நீட்டினார். "பாரு" என்றார்.

மாதையன் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்களே" என்றார். பிறகு நிமிர்ந்து, நிஜமாகவே விளங்காமல் கேட்டார்: "இப்பிடி ஒண்ணும் இல்லாததப் பாக்கறதுக்காங்க சாமி இத்தன வருசம் அலஞ்சீங்க?"

"ஆமா" என்றார் டாக்டர். அவர் ஒன்றுக்கு ஆமாம் சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மறைக்கத் தட்டை வாங்கிக்கொண்டு படியில் இறங்கி, அந்தத் தண்ணீரைக் கிணற்றிலேயே ஊற்றினேன். சத்தம் கேட்டதும் மீன்களெல்லாம் பசியோடு ஓடிவந்தன.